பார்க்கை விட்டு அசையாத ஓட்டோ கியர்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

எஞ்சின் வேலை செய்கிறது. பிரேக்கை மிதித்துக் கியர் லீவரை இழுக்கிறீர்கள். 'பி' என்று குறித்த பார்க் நிலையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஜப்பானிலிருந்து வந்த ஓட்டோ கியர் கார்கள் இப்போது வீதிக்கு வீதி நிற்கின்றன. அதனால் இந்தப் பிழையோடு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். வந்ததும் அவர்கள் சொல்வது, "கியர்பொக்ஸ் போயிட்டுப் போல".

வாகன வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: லீவர் பார்க்கிலேயே இறுகி நிற்பதற்குக் கியர்பொக்ஸ் காரணமாக இருப்பது மிகவும் அரிது. பெரும்பாலும் ஒரு பியூஸ், ஒரு சுவிச், அல்லது ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் காரணம். இன்னொன்று, இதைவிட முக்கியம். லீவர் அசையாத வண்டிகளில் கணிசமானவற்றுக்குப் பின்னால் பிரேக் லைட்டே எரியாது. உங்களைத் தடுத்து வைத்திருக்கும் அந்தப் பூட்டு, பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே லீவரோடு மல்லுக்கட்டாமல் முதலில் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

பிரேக் மிதியின் தண்டு மேலே போய்ச் சேரும் இடத்தில் ஒரு சிறிய சுவிச் இருக்கிறது. மிதியை அமுக்கியதும் அது பிரேக் லைட்டுகளை எரிய வைக்கும். அதே சமிக்ஞைதான் கியர் லீவருக்கு அடியிலுள்ள சொலினோய்டையும் இயக்குகிறது. சொலினோய்ட் என்பது மின்சாரம் பாய்ந்ததும் ஓர் ஊசியை இழுக்கும் கம்பிச்சுருள். ஊசி விலகினால்தான் லீவர் பார்க்கை விட்டு வரும். பற்றரி, பியூஸ், சுவிச், சொலினோய்ட், லீவர் என்ற இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: லீவர் வராது.

ஹாண்ட்பிரேக்குக்கும் சாதாரண லீவர் பூட்டுக்கும் தொடர்பில்லை. அதை ஏற்றி இறக்கிப் பார்த்துப் பயனில்லை. திறப்பு அரைவாசியில், அதாவது ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலையில் நின்றாலும் பல வண்டிகளில் லீவர் வராது. டாஷ்போர்ட் விளக்குகள் எல்லாம் வரும் வரை திருப்புங்கள்.

செலவில்லாத ஒரு சோதனையை முதலில் செய்து விடலாம். பலர் பிரேக்கை மிதிக்கும் முன்பே லீவரை இழுத்துப் பிடித்து விடுகிறார்கள். அந்த இழுவிசையில் ஊசி நெரிந்துபோய், மின்சாரம் வந்தாலும் விலக முடியாமல் நிற்கும். லீவரை முன்னோக்கிப் பார்க்குக்குள் நன்றாகத் தள்ளுங்கள். கையை எடுங்கள். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதியுங்கள். அதற்குப் பிறகு லீவரின் பட்டனை அமுக்கி இழுங்கள். வந்துவிட்டால் நல்லது, ஆனால் அடிக்கடி இப்படிச் செய்யவேண்டி வந்தால் கீழே உள்ளதையும் வாசியுங்கள்.

வராவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம். பட்டனுக்குள் இருக்கும் தண்டு பிளாஸ்டிக். அது முறிந்தால் சின்னப் பிழை பெரிய செலவாகும்.

நடுவழியில் நிற்கிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வண்டிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டால் பிழை தேடிக்கொண்டிருக்க முடியாது. இதற்கென்றே லீவருக்குப் பக்கத்தில் ஒரு கள்ள வழி வைத்திருக்கிறார்கள். அக்ஸியோ, அலியன், பிரீமியோ, விட்ஸ் போன்ற டொயோட்டாக்களில் லீவரின் அடித்தட்டில் சிறிய மூடியோ, வெளியே தெரிகிற பட்டனோ இருக்கும். ஹோண்டாக்களில் திறப்பு நுழையும் அளவு ஒரு துளை, அதன் மேல் சின்ன மூடி.

ஹாண்ட்பிரேக்கை இறுக்கமாகப் போடுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியில் துணியைச் சுற்றி மூடியைக் கிளப்புங்கள். துணி இல்லாவிட்டால் தட்டில் கீறல் விழும். பிரேக்கை மிதித்தபடி, துளைக்குள் இருப்பதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் லீவரை நியூட்ரலுக்கு எடுங்கள். அப்புறம் எஞ்சினை வேலை செய்ய வைத்து ஓட்டலாம்.

வண்டியோடு வந்த கைநூல் ஜப்பான் மொழியில் இருக்கும் என்று பலர் அதைத் திறப்பதே இல்லை. படத்தைப் பார்த்தாலே துளை எங்கே என்று தெரியும். போன் கமராவால் மொழிபெயர்க்கவும் முடியும். ஆபத்து வருவதற்கு முன், ஓர் ஓய்வான நாளில், உங்கள் வண்டியில் அந்தத் துளை எங்கே என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எடுத்து ஓட்டுவது கராஜ் வரைக்கும்தான். பிரேக் லைட் எரியாத வண்டி என்றால் அதற்கும் பகலிலேயே போய்விடுங்கள். மாலைக்குப் பிறகு கல்முனை வீதியில் மாடுகளும் லைட் இல்லாத உழவு இயந்திரங்களும் திடீர் திடீரென்று குறுக்கே வரும். நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்குத் தெரியாவிட்டால் அவன் உங்கள் டிக்கியில்தான் வந்து விழுவான்.

பிரேக்கை மிதித்தால் பின் லைட் எரியவில்லை

தனியாக இருந்தால் போனை வீடியோவில் போட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு வந்து மிதியுங்கள். மூன்று லைட்டில் ஒன்று மட்டும் எரியாவிட்டால் அது பல்ப். அதனால் லீவர் பூட்டாது. மூன்றுமே எரியாவிட்டால் பல்பைத் தேட வேண்டாம். மூன்று பல்பும் ஒரே நாளில் போவதில்லை. பியூஸ் அல்லது சுவிச்.

முதலில் பியூஸ். பியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தில் பிரேக் லைட்டுக்குரியதைக் கண்டுபிடித்துக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவிலுள்ள கம்பி அறுந்திருந்தால் தெரியும். சில ஹோண்டாக்களில் ஹோர்னும் பிரேக் லைட்டும் ஒரே பியூஸில் இருக்கும். அந்த வண்டிகளில் ஹோர்ன் அடித்துப் பார்த்தாலே பாதிப் பதில் வந்துவிடும்.

எரிந்த பியூஸில் எழுதியிருந்த அதே எண்ணுள்ள பியூஸைத்தான் போட வேண்டும். 10 அம்பியருக்குப் பதிலாக 20 போட்டால் அடுத்த முறை எரிவது பியூஸ் இல்லை, வயர். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போட்ட பியூஸ்களை இன்னும் காண்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சீற்றுக்கு அடியால் போகும் வயர் உருகினால் புகை வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

புதிய பியூஸும் உடனே எரிந்தால் எங்கோ வயர் வண்டியின் இரும்பு உடலில் படுகிறது. டிக்கியைத் திறந்து, டிக்கி மூடிக்குப் போகும் வயர்க்கட்டு மடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே வயர்கள் வெடித்திருக்கும். அண்மையில் பின்பக்கம் மினுங்குகிற எல்இடி பட்டி ஏதும் பூட்டினீர்களா? அப்படியானால் முதலில் அதைக் கழற்றுங்கள். அலங்கார லைட் பூட்டுகிறவர்கள் பிரேக் லைட் வயரின் தோலைச் சீவி அதிலேயே முறுக்கிவிட்டு மெல்லிய டேப்பைச் சுற்றுவார்கள். ஒரு மாரி மழைக்குத் தாங்காது.

பியூஸ் நல்லது என்றால் சுவிச். டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் தலையைக் கீழே விட்டு மிதியின் தண்டைப் பாருங்கள். தண்டின் மேல்நுனியை ஒரு சின்னக் குமிழ் தொட்டுக்கொண்டிருக்கும். மிதியை அமுக்கும்போது குமிழ் வெளியே வர வேண்டும். வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சுவிச் முடிந்துவிட்டது. குமிழ் நன்றாக வேலை செய்தாலும் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கலாம். 12 வோல்ட் ரெஸ்டர் பல்பை எடுத்துச் சுவிச்சின் வயரில் வைத்துப் பாருங்கள். ஒரு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மற்றதில் மிதிக்கும்போது மட்டும் வர வேண்டும். மிதித்தும் வராவிட்டால் சுவிச்சை மாற்றுங்கள். பிரேக் எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லாததால் காற்று எடுக்கும் வேலை எதுவும் கிடையாது. புதியதைப் பூட்டும்போது மிதி முழுதாக மேலே வந்ததும் லைட் அணைகிறதா, கொஞ்சம் மிதித்ததும் எரிகிறதா என்று பார்த்து இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஐயா தன் அக்ஸியோவைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, பெட்டியக் கழற்றித்தான் பார்க்கணுமாம். ஒருக்காப் பாரு மனே, மறுகா கழற்றுவம்" என்றார். பின்னால் போய்ப் பார்த்தேன். மூன்று லைட்டும் இருட்டு. சுவிச்சைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். குமிழை விரலால் அமுக்கினால் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நாளும் பிரேக் லைட் இல்லாமலா பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்தோம் என்பதுதான் அவருடைய கவலை. அது நியாயமான கவலை.

அமுக்கி ஸ்டார்ட் பண்ணும் பட்டன் உள்ள டொயோட்டாக்களில் இன்னோர் அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்ததும் பட்டனிலுள்ள சின்ன விளக்கு பச்சையாக வேண்டும். ஆகாவிட்டால் பிரேக் சுவிச், பியூஸ், அல்லது ரிமோட் திறப்பின் பற்றரி. அப்படியான நேரத்தில் மிதிக்காமல் பட்டனை ஒருமுறை அமுக்கி ரேடியோ வரும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு பிரேக்கைப் பலமாக மிதித்தபடி பட்டனை ஏறத்தாழ 15 விநாடி விடாமல் அமுக்கிப் பிடித்தால் எஞ்சின் வேலை செய்யும். லீவரை எடுக்க, முன்பு சொன்ன துளைதான் வழி.

லைட் எரிகிறது, ஆனால் லீவருக்கு அடியில் "டிக்" சத்தம் இல்லை

எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். திறப்பை முழுதாகத் திருப்பி, காதை லீவருக்குக் கிட்டக் கொண்டுபோய் மிதியுங்கள். நல்ல வண்டியில் ஒரு மெல்லிய "டிக்" கேட்கும். கேட்காவிட்டால் சொலினோய்டுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது போயும் அது இழுக்கவில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் வாவிக்கரையோரத் தெருக்களில் வெள்ளம் நிற்கும்போது கதவின் கீழ் விளிம்பு வரை நனைகிறது. 2011 ஜனவரி வெள்ளம் போல் பெரியது வரவேண்டும் என்றில்லை. சாதாரண மாரிக்கே கம்பளத்துக்குக் கீழேயுள்ள பஞ்சு ஊறிவிடும். மேலே கையை வைத்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். அடியிலோ ஈரம் வாரக்கணக்கில் கிடக்கும். நடுக் கொன்சோலின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், சொலினோய்டின் இணைப்பியில் பித்தளை முனைகள் பச்சை பிடித்து, விரலால் உரசினால் பச்சைத் தூள் உதிரும். கடற்கரையோரம் வீடுள்ளவர்களுக்கு வெள்ளமே தேவையில்லை. உப்புக்காற்று அதே வேலையை மெதுவாகச் செய்யும்.

கொன்சோலைக் கழற்றும் முன் பற்றரியின் மறை (−) முனையைக் கழற்றிவிட்டு 90 விநாடியாவது பொறுங்கள். பல வண்டிகளில் எயார்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த இடத்தில்தான் இருக்கிறது. இணைப்பியைக் கழற்றி, மின்தொடுமுனை சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்து, சின்னப் பிரஷால் தேய்த்து, காய விட்டுப் பூட்டுங்கள். பல வண்டிகள் இதோடு சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் பற்றரியை மீண்டும் கொடுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் மல்டிமீற்றரால் சொலினோய்டின் இணைப்பியில் அளக்க வேண்டும். 12 வோல்ட் அளவு வந்தும் ஊசி அசையாவிட்டால் சொலினோய்ட் போய்விட்டது. மின்சாரமே வராவிட்டால் சொலினோய்டை வாங்கி வீணாக்க வேண்டாம். பிழை அதற்கு முன்னால் இருக்கிறது. லீவர் பார்க்கில்தான் நிற்கிறது என்று சொல்லும் சின்னச் சுவிச் ஒன்று லீவருக்குள்ளேயே உண்டு, அதையும் பாருங்கள். பிரேக் சுவிச்சையும் மறந்துவிடாதீர்கள். நான்கு வயர் உள்ள சுவிச்சில் லைட்டுக்கு ஒரு சோடி, கம்பியூட்டருக்கு இன்னொரு சோடி. லைட் எரிந்தபடியே மற்றச் சோடி செத்திருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் வயரிங் பாஸ் ஒருவர் அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

"டிக்" கேட்கிறது, லீவர் வரவில்லை

மின்சாரப் பக்கம் சரி. இனி பொறிப் பக்கம். பட்டன் உள்ளே போகிறதா? போகாமல் பிசுபிசுப்பாக இருந்தால் யாரோ சோடாவையோ பால் தேநீரையோ ஊற்றியிருக்கிறார்கள். சீனி காய்ந்தால் பசை. இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது. வழுக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அது தூசியைப் பிடித்துக் கொஞ்ச நாளில் இன்னும் இறுகும். லீவர் போகும் பிளவுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நாணயம், மிட்டாய்த் தாள், பாசிக்குடாவிலிருந்து காலோடு வந்த மணல் எல்லாம் அங்கேதான் சேரும்.

மலையில் நிறுத்திய பிறகு இறுகிவிட்டது

நம் பக்கம் தட்டையான நிலம் என்பதால் இந்தப் பழக்கம் நமக்கு வராது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் ஏறி, லுணுகல, பசறைப் பக்கம் தேநீருக்கு நிறுத்தும்போதுதான் பிடிபடும். பார்க்கில் போட்டால் கியர்பொக்ஸுக்குள் ஒரு சிறிய இரும்புப் பல் ஒரு சில்லின் பள்ளத்தில் விழுந்து வண்டியைப் பிடிக்கிறது. ஹாண்ட்பிரேக் போடாமல் பிரேக்கை விட்டால் வண்டியின் முழுப் பாரமும் அந்தப் பல்லில்தான் தொங்கும். அப்போது லீவர் கல்லாக நிற்கும்.

ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கில் காலை வைத்திருக்கட்டும். மற்றவர்கள் வண்டியை மேட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். பிள்ளைகள் வண்டிக்குள் இருக்கக் கூடாது. தள்ளுகிறவர்கள் நேர் பின்னால் நிற்காமல் கதவுத் தூணைப் பிடித்துப் பக்கவாட்டில் நில்லுங்கள். பாரம் குறைந்த அந்த நொடியில் ஓட்டுநர் பிரேக்கைப் பலமாக மிதித்து லீவரை எடுக்க வேண்டும். "டக்" என்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். அடுத்த முறை நிறுத்தும்போது காலால் பிரேக்கைப் பிடித்தபடி நியூட்ரல், ஹாண்ட்பிரேக், காலைத் தளர்த்தி வண்டி ஹாண்ட்பிரேக்கில் அமர்ந்ததும் மீண்டும் மிதித்துப் பார்க். இந்த ஒழுங்கில் செய்தால் பல்லில் பாரம் விழாது.

டாஷ்போர்டே இருட்டு

பற்றரி. ஜம்ப் கொடுத்தால் லீவரும் வரும். ஆனால் நல்ல பற்றரி இரவோடு இரவாக ஏன் இறங்கியது என்று கேளுங்கள். பிரேக் தண்டில், சுவிச்சின் குமிழ் தொடும் இடத்தில், ஒரு துளையை அடைத்தபடி சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி இருக்கும். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்து அது நொறுங்கினால் குமிழ் துளைக்குள்ளால் வெளியே வந்துவிடும். வண்டி நிறுத்தியிருக்கும்போதும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், விடியும்போது பற்றரி காலி. மிதிக்குக் கீழே விரிப்பில் பிஸ்கட் தூள் மாதிரி பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். மூடி மலிவான சாமான். ஜம்ப் கொடுத்து ஓட்டிக்கொண்டு மூடியைப் போடாவிட்டால் நாளைக்கும் இதே கதை.

லீவர் கைக்கு இலகுவாக ஆடும் கார்கள்

பிரியஸ், வெசல் ஹைபிரிட் போன்றவற்றில் லீவர் ஒரு சுவிச் மட்டுமே. பார்க்குக்குத் தனிப் பட்டன். இவற்றில் அந்தத் துளையைத் தேட வேண்டாம். 12 வோல்ட் பற்றரி பலவீனமானால் பார்க் விலகாது. பல பிரியஸ்களில் அந்தப் பற்றரி டிக்கியில் இருக்கிறது. அப்படியானவற்றில் ஜம்ப் கொடுக்க பொனட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியோடு தனி முனை வைத்திருக்கிறார்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம். முதல் தலைமுறை அக்குவா இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் சாதாரண லீவர்தான்.

லீவர் வருகிறது, வண்டி பார்க்கிலேயே நிற்கிறது

லீவர் வழக்கத்தைவிடத் தளர்ந்து, டியில் போட்டாலும் டாஷ்போர்டில் பி என்றே காட்டினால் கேபிள் கழன்றிருக்கிறது. கியர்பொக்ஸ் பக்கத்து நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ் நொறுங்குவதுதான் வழக்கம். இதன் மறுபக்கம் பயங்கரமானது: லீவர் பார்க்கில் இருக்கும், கியர்பொக்ஸ் இருக்காது, வண்டி உருளும். ஹாண்ட்பிரேக்கும் ரயருக்குக் கல்லும் வைக்காமல் அந்த வண்டியை விட்டு இறங்க வேண்டாம்.

எதுவும் சரிவராமல் கொண்டுபோக வேண்டியிருந்தால் பார்க்கில் வைத்துக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் சுழற்றும் சில்லுகள் நிலத்தில் படாதபடி லொறியில் ஏற்றுவதே பாதுகாப்பு.

பூட்டை நிரந்தரமாகக் கழற்றலாமா?

சிலர் சொலினோய்டின் ஊசியையே வெட்டிவிட்டு "இனிப் பிரச்சினை வராது" என்பார்கள். 1980களில் அமெரிக்காவில் ஓட்டோ கியர் அவுடி கார்கள் தாமாகப் பாய்ந்தன என்று பெரிய புகார் எழுந்தது. ஆராய்ந்தபோது பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதித்ததே முக்கிய காரணமாகத் தெரிந்தது. இந்தப் பூட்டு பரவலாக வந்தது அதன் பிறகுதான். 2010 செப்டெம்பர் முதல் தயாரிக்கும் கார்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் இதைக் கட்டாயமும் ஆக்கியது. நம் முற்றத்தில் எஞ்சின் ஓட நிற்கும் காருக்குள் மூன்று வயதுப் பிள்ளை ஏறி லீவரை இழுத்தால் தடுப்பதற்கு அந்த ஒரு ஊசிதான் இருக்கிறது. வெட்ட வேண்டாம், யாரையும் வெட்ட விடவும் வேண்டாம்.

அதனால் கராஜிலிருந்து வண்டியை எடுக்கும்போது, சமதரையில் ஹாண்ட்பிரேக் போட்டு, திறப்பை முழுதாகத் திருப்பி, எஞ்சினை வேலை செய்ய வைக்காமல் இரண்டு தரம் சோதியுங்கள். பிரேக்கை மிதிக்காமல் லீவரை இழுங்கள், வரக் கூடாது. மிதித்து இழுங்கள், வர வேண்டும், பின்னால் மூன்று லைட்டும் எரிய வேண்டும். முதல் தரமே லீவர் வந்துவிட்டால் பிழையைத் திருத்தவில்லை, பூட்டைத்தான் கழற்றியிருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன் திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள்.